ரேடியோ அக்காவுக்குக் கொடுத்த மயக்கம்

பஸ் நிலையத்தில் வண்டி புறப்படுவதை மைக்கில் சொல்வதுதான் ரேடியோ அக்காவின் வேலை. மைக் ரிப்பேரான நாளிலும் வேலை நிற்காது. ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால், கடைசி பிளாட்பாரத்தில் தூங்குகிறவன்கூட பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

தம்பி அவளோடு கூடவே பிறந்தவன், இரட்டைப் பிள்ளைகள். முந்திக்கொண்டு வந்ததால் இவள் அக்காவானாள். அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் தீரவில்லை. ஜிம் நடத்துகிறான். உயரம், எடை, மூக்கு, முன்கோபம் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். ஐம்பது தாண்டியதும் பித்தப்பையில் கல்லும் இருவருக்கும் சேர்ந்தே வந்தது.

"ஒரே நாள்ல முடிச்சுட்டா எனக்கு ஒரே அலைச்சலோட போகும்" என்று தம்பி மனைவி இருவருக்கும் சேர்த்தே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினாள்.

முதலில் தம்பி, அடுத்து அக்கா. ஆனால் முதலில் விழித்தது அக்காதான். வயிற்றின் மேல் பஸ் ஏறி நின்றதுபோல வலி. கூடவே வாந்தி. பக்கத்துக் கட்டிலில் தம்பி சிரித்த முகத்தோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து ஊசி போட்டாள். வலி இறங்கியது, கோபம் இறங்கவில்லை.

மறுநாள் தம்பி மீசையைத் தடவினான். "வலியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. உடம்புன்னா தாங்கணும்க்கா!"

மயக்க மருந்து டாக்டர் வார்டுக்குள் வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, எனக்கும் இவனுக்கும் ஒரே எடை. மருந்தும் ஒரே அளவுதானே குடுத்தீங்க?"

டாக்டர் சற்றுத் தயங்கினார். "ஆரம்பத்துல ஒண்ணுதான். நடுவுல இவருக்கு மட்டும் வலி மருந்தைக் கூட்டினோம். மயக்கத்துல யாரும் வலிக்குதுன்னு சொல்ல முடியாதில்லையா? நெஞ்சுத் துடிப்பும் பிரஷரும் ஏறுதான்னு பாத்துத்தான் குடுப்போம். கத்தி பட்டதுமே இவருக்கு ரெண்டும் எகிறிடுச்சு. உங்களுக்கு அசையவே இல்ல."

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பொம்பளைங்களுக்கு இந்த மருந்தால வாந்தி அதிகம் வரும்னு கொஞ்சம் கையை இழுத்துப் பிடிக்கிறதும் உண்டு" என்றார் டாக்டர்.

"இழுத்துப் பிடிச்சும் வந்துச்சே!"

"வந்துச்சு. பொம்பளைங்க சீக்கிரமா முழிச்சுக்கறதும் உண்டு. அப்போ மருந்து பத்தலைன்னா கஷ்டம்தான். யாருக்கு எவ்வளவுங்கிறதுல இன்னும் ஆராய்ச்சி நடக்குது. நான் இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்மா."

அக்கா பெருமூச்சு விட்டாள். "பொறந்ததுலேர்ந்து நான் அடக்க ஒடுக்கமா இருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான். அதுக்கா இந்தத் தண்டனை?" டாக்டரும் சிரித்துவிட்டார்.

அடுத்த வருஷம் அவளுக்குத் தொப்புளருகே குடல் பிதுங்கியது. மறுபடி ஆபரேஷன், அதே டாக்டர். இந்தத் தடவை அக்கா முன்கூட்டியே எதிரில் உட்கார்ந்து, "எனக்கு வாந்தி வரும், சட்டுனு முழிப்பேன், வலிச்சாலும் துடிப்பு ஏறாது" என்று ஒப்பித்தாள். டாக்டர் வாந்திக்கு முதலிலேயே மருந்து கொடுத்தார். வெட்டும் இடத்தை மரத்துப்போகச் செய்தார். எழுப்புவதற்கு முன் வலிக்கு என்ன வேண்டும் என்றும் பார்த்துக் கொடுத்தார். 

வார்டுக்கு வந்த அக்கா மூச்சுக் காட்டாமல் கிடந்தாள். தம்பி மனைவி வாசலுக்கு ஓடினாள். "நர்ஸம்மா, ஓடி வாங்க! எங்க அண்ணி பேசவே மாட்டேங்கிறாங்க!"

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வலிக்கல, பேசல. என்னைத் தூங்க விடுடி."