கழற்றாத முகமூடி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். முகமூடி வீரன் என்ற கூத்துக் கதாநாயகனை நிலைக்க வைத்தேன். பாட்டுப் புத்தகமாக அச்சடித்துச் சந்தை சந்தையாக விற்றேன். வானொலி நாடகமாகவும் ஆக்கினேன். இப்போது அவன் தொலைக்காட்சியில் வருகிறான். நேற்று என் பேத்தி அவனைப் போல முகமூடி செய்யக் காகிதத்தில் புளியங்கொட்டைப் பசை தடவினாள். அந்த வாடை என்னைப் பாகூருக்கு இழுத்துப் போனது.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். எனக்குப் பதின்மூன்று வயது. என் நைனா கூத்து வாத்தியார். டூரிங் டாக்கீஸ் வந்து கூட்டம் குறைந்ததால், முகமூடி வீரன் கதையை அந்த வருஷப் பாகூர்க் கூத்தோடு விட்டுவிட முடிவு செய்திருந்தார். அன்று வீரன் வேஷக்காரருக்குக் காய்ச்சல், நைனா அந்த வேஷத்தில் என்னை மேடை ஏற்றிவிட்டார். பசை காயாத முகமூடி கன்னத்தில் ஒட்டி அரித்தது. பொழுது விடிந்ததும் வீரன் முகம் காட்டுவான், கதை முடியும்.

"கழட்டுடா, மங்களம் பாடணும்."

"கழட்டிட்டா அடுத்த வருஷம் யாரு நைனா வருவாங்க?"

"இன்னாடா, எதிர்த்தா பேசற?"

"மூஞ்சக் காட்டுடா!" என்று சனம் எழுந்தது. நான் முகமூடியோடு குதித்துக் கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிட்டேன். நைனா தேடிப் பிடித்து அடித்தார். ஆனால் மறு வருஷம் பாகூரோடு வில்லியனூரும் சோரியாங்குப்பமும் அதே கூத்தைக் கேட்டன. அவன் யாரென்று தெரிய வேண்டுமாம்!

தொலைக்காட்சியிலும் அவன் வாராவாரம் முகம் காட்டாமல் கரும்புக்குள்தான் ஓடுகிறான். யாரோ வாய்வழியாகச் சொல்லி வந்தது போல, 'கர்ணபரம்பரைக் கதை' என்று எழுத்துப் போடுகிறார்கள். அந்த ஓட்டம் நான் ஓடியது. அங்கே என் பெயரைப் போடுங்கள்.