பாறையில் போட்ட சுண்ணாம்புக் கோடு

சித்தியின் பித்தளைச் சுண்ணாம்பு டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. சித்தி வெற்றிலை போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த டப்பாவில் சுண்ணாம்பு காய்ந்துபோக விட்டதே இல்லை. விரலால் தொட்டுப் பார்ப்பாள், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள், மூடி இடுப்பில் செருகிக்கொள்வாள். விருந்தாளிகள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் இல்லை என்று கூசாமல் சொல்லிவிடுவாள். அது பாறைக்கான சுண்ணாம்பு.

செஞ்சியில் எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருந்தது. எங்கள் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன கற்குவியல் மாதிரிதான் இருக்கும். எங்கள் கொல்லைக்கு நேர் மேலே, சரிவில், மாட்டுக்கொட்டகை அளவுக்கு ஒரு பாறை இன்னொரு பாறையின் மேல் உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த எங்களுக்கு அது கண்ணிலேயே படாது. அவலூர்பேட்டைச் சமவெளியிலிருந்து சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்திக்கு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. வந்த அன்றே என் அம்மாவிடம், "ஏன்க்கா, இது எப்பத்திலிருந்து இப்டி குந்திக்கினு இருக்குது?" என்று கேட்டாளாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் தெருக்காரர்கள் பயம் தெரியாதவர்கள் அல்ல. ஏரி உடைந்த வருஷம், புயல் அடித்த வருஷம் என்றுதான் பிள்ளைகளின் வயதையே சொல்வார்கள். பஞ்சாயத்து ரேடியோவில் புயல் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு ஆள் ஓடும். ஆனால் அத்தனையும் தண்ணீர்ப் பயம். கல்லுக்கு யார் பயந்தார்கள்? "ராஜா காலத்துலருந்து நவுராத கல்லு, உனக்கோசரம் நவுரப் போவுதா?" என்பார் சித்தப்பா. கடைத்தெருப் பக்கம் ஒரு வாடகை வீடு பார்க்கச் சொல்லிச் சித்தி கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். பெண் குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. தூளியை இன்று பின்கட்டில் கட்டுவாள், மறுநாள் அவிழ்த்து முன்கட்டில் கட்டுவாள். அங்கே வெயில் என்று சித்தப்பா மறுபடி பின்கட்டிலேயே கட்டிவிடுவார்.

அப்போதுதான் கோடு போட ஆரம்பித்தாள். மேல் பாறையும் கீழ்ப் பாறையும் சேரும் இடத்தில், மழை படாத ஒரு மறைவில், மேலே பாதி கீழே பாதியாக ஒரு வெள்ளைக் கோடு. கல் நகர்ந்தால் கோடு முறியும், அவ்வளவுதான். ஆனால் பாறையில் வெள்ளை தீட்டியதைப் பார்த்த எங்கள் தெருவுக்கு வேறு என்ன தோன்றும்? யாரோ வேண்டுதல் செலுத்தியிருக்கிறார்கள் என்று ஒருத்தி பக்கத்தில் குங்குமம் வைத்தாள். அடுத்தவள் மஞ்சள் பூசினாள். ஆடி மாதம் வருவதற்குள் அது பாறையம்மா ஆகிவிட்டது, அதன் அடியிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கலும் வைத்தார்கள். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். குங்குமத்தைத் துடைத்துத் துடைத்துத் தன் கோட்டைத் தேடினாள். அதைப் பார்த்தவர்கள், என்ன பக்தி என்றார்கள். "அம்மாவே மேல குந்தி பாத்துக்கறா, இனிமே இன்னா பயம் உனக்கு?" என்று சித்தப்பா வாடகை வீட்டுப் பேச்சுக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. ஒரு நாள் மதியம் கொஞ்சம் வெளுக்க, தெரு முழுக்க வேர்க்கடலை காயப்போட்டார்கள். சித்தி மேலே ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் குரல் கேட்டது: "மல எறங்குது! மல எறங்குது!" எங்கள் ஊர் வாயில் மலையும் மழையும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேகமும் கருத்துக்கொண்டுதான் இருந்தது. கடலையை வாரி முறத்திலும் கூடையிலும் போட்டுக்கொண்டு, தெருவே வீடுகளுக்குள் ஓடிக் கதவைச் சாத்தியது. 

சித்தி சறுக்கிச் சறுக்கி இறங்கி ஓடிவந்தாள். பின்கட்டுத் தூளியிலிருந்து குழந்தையை அள்ளினாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். "கல்லு சரியுது, கோடு ஒடஞ்சிடுச்சி, வெளிய வாங்க" என்று கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து, "ஆரமிச்சிட்டாடா" என்று ஒரு ஆண்குரல் சிரித்தது. என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. சித்தி குழந்தையை என்னிடம் கொடுத்தாள். கொண்டையை அவிழ்த்து உதறினாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "டேய்! பாறையம்மா வந்துகிறேன்டா! ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது, எம் பின்னாடி வாங்கடா!" என்று ஆடத் தொடங்கினாள். கதவுகள் படபடவென்று திறந்தன. கற்பூரத்தட்டோடு, வேப்பிலையோடு, கைக்குழந்தைகளோடு தெரு முழுக்க அவள் பின்னால் வந்தது, என் அம்மாவும் சித்தப்பாவும் உட்பட. சாமி வந்தவர்களின் கண் எனக்குத் தெரியும். சித்தியின் கண் அது இல்லை. ஆடிக்கொண்டே தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் பஸ் போகும் ரோட்டை எட்டியபோது பின்னால் தரை அதிர்ந்தது. போய்ப் பார்த்தபோது பின்கட்டு இருந்த இடத்தில் பாறை இருந்தது. தூளி கட்டிய உத்தரம் இரண்டாக முறிந்து கிடந்தது.

சித்தி ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். விழுந்த பாறையைச் சுற்றித் தெருக்காரர்கள் கோயில் கட்டினார்கள். அதை ஒட்டியே வீட்டையும் எடுத்துக் கட்டினார்கள். "காப்பாத்துன சாமிய உட்டுட்டு எங்க போறது?" என்று சித்தப்பா கேட்டார். சாமி வந்ததெல்லாம் பொய் என்று சித்தி ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். தன்னடக்கம் என்று காலில் விழுந்தார்கள். கடைசி வரை அதே வீட்டில்தான் இருந்தாள். சரிவில் இன்னும் மேலே இருந்த அடுத்த பாறைக்குக் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். "நான் சொன்னா ஒண்ணும் கேக்காதுங்க, அவ சொன்னாத்தான் கேக்குதுங்க" என்று அடுப்படியில் என்னிடம் சொல்லும்போது அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் தீரவில்லை.

அவள் போன பிறகு கோடு போடுவது என் வேலை. போன ஐப்பசியில் மழைக்கு நடுவே ஏறிப் பார்த்தேன். பழைய கோட்டில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒட்டவில்லை. நடுவே ஒரு விரல் நுழைந்தது. கீழே புதிதாக மாடி எழுப்பிய வீட்டுப் பெண், இடுப்பில் பிள்ளையோடு நின்று, "இன்னா பெரிம்மா, வேண்டுதலா?" என்று கேட்டாள். கல் நகர்ந்திருப்பதைச் சொன்னேன், பிள்ளைகளோடு வேறு எங்காவது போய் இருக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். "பாறையம்மா இருக்குது பெரிம்மா, நீங்க பாத்து எறங்குங்க, வழுக்கப் போவுது" என்றாள். டப்பாவை மூடி இடுப்பில் செருகினேன். பிறகு என் கொண்டையை அவிழ்த்தேன்.