மணி கேட்ட பக்கம்

இது நடந்தது. சிந்த்வின் என்ற ஆற்றுக்கு மேற்கே தேக்கு மரம் வெட்டும் கூப்புகளில் உழைத்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சை மட்டும் மாற்றுவார்கள்.

துன் லின் அங்கே யானைப் பாகன். அவன் மனைவி மா கின்னுக்கு முந்தின நாள் காலையிலேயே வலி கண்டுவிட்டது. மறுநாள் விடியப்போகிறது, பிள்ளை வரவில்லை. பக்கத்துக் குடிசைப் பாகன் போ சானின் மனைவிதான் பிரசவம் பார்த்தாள். அவள் வெளியே வந்தபோது முழங்கை வரைக்கும் ரத்தம்.

"பிள்ளை குறுக்க கிடக்கு தம்பி. என்னால ஆகாது. அக்கரைக்குக் கொண்டு போ. மத்தியானம் தாண்டாது."

"எது தாண்டாது?"

அவள் கையைக் கழுவப் போய்விட்டாள்.

அக்கரையில்தான் ஆஸ்பத்திரி. நடுவில் ஓடை. மழையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. படகு நிற்காத தண்ணீர். யானைதான் இறங்கும். கூப்பில் மிச்சமிருந்தவை இரண்டே யானைகள். போ சானின் யானைக்குக் காலில் சீழ். இன்னொன்று துன் லினின் மியா. அது காட்டுக்குள் இருந்தது.

வேலை முடிந்ததும் முன்னங்கால்களில் சங்கிலி பூட்டி யானைகளை மேய விட்டுவிடுவது வழக்கம். கழுத்தில் மரமணி. அவனவன் யானைக்கு அவனவன் குடைந்த மணி. ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்கு வராது. விடியலில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தேடிப் பிடிப்பார்கள். தன் கையால் குடைந்த மணியை எந்தப் பாகனும் சந்தேகப்பட மாட்டான்.

"டேய், வெத்தலைக் கடையைப் பாத்து நின்னுடாதே! அப்பனாகப் போறவன்!" போ சான் கத்தினான். அந்தக் காட்டில் ஏது கடை? சிரிக்க வைக்கப் பார்த்தான். துன் லினுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூடுபனி. சங்கிலி இழுத்த தடம் கிழக்கே மூங்கில் மேட்டுக்கு ஏறியது.

டொக்... டொடொக்...

மணி மேற்கே, பள்ளத்தில் கேட்டது.

துன் லின் நின்றான். மியாவின் மணிதான். அதில் சந்தேகமே இல்லை. தடம் நேற்றையதாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மேற்கே ஓடினான்.

சத்தம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கிட்டே போனால்... அதே தூரம். மூங்கில் ஒடிந்திருக்கவில்லை. சாணி இல்லை. காட்டுக்கோழி கூவுகிற நேரம், ஒன்றுகூடக் கூவவில்லை.

"மியா! வாடி, இங்க வா!"

மணி நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது.

டொக்... டொக்... டொக்...

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேய்கிற யானையின் மணி இப்படி அடிக்காது. தலையை ஆட்டினால் அடிக்கும், தின்னும்போது அடங்கும். இது ஒரே சீராக வந்தது. யாரோ கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல.

"யாருடா அது? விளையாடாதீங்கடா! எம் பொண்டாட்டி சாகக் கிடக்கா!"

மணி நின்றது.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல். மெதுவாக.

"படு."

யானைக்குச் சொல்கிற கட்டளை. ஏதோ பெரிய உடம்பு மண்ணில் இறங்கியது. புஸ்ஸென்று மூச்சு விட்டது...

கட்டளை சொன்ன குரல் துன் லினின் குரல்.

அவன் திரும்பி ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். மூங்கில் மேட்டில் மியா நின்றுகொண்டிருந்தது. மணியின் வாய் நிறையச் சேறு. வாழைத் தோட்டத்துக்குள் திருட்டுத்தனமாகப் போகும் யானைகள் செய்கிற வேலை. சேறு கல்லாக இறுகியிருந்தது. ராத்திரி முழுக்க அந்த மணி அடித்திருக்க வழியே இல்லை.

கூப்புக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. குடிசையில் பாய் மட்டும் கிடந்தது. பாயெல்லாம் ரத்தம்.

போ சானின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது. "அதுக்குள்ள திரும்பிட்டியா?"

"அவ எங்கண்ணே?"

"என்னடா கேக்குற? நீதானே வந்து யானையைப் படுக்க வச்ச. நாங்கதானே தூக்கிக் குடுத்தோம். ஒரு வார்த்தை பேசல. பயத்துல வாயடைச்சுப் போச்சுன்னு விட்டுட்டோம்."

போ சானின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "யானை மேலெல்லாம் பாசி தம்பி, ரொம்ப நாள் தண்ணிக்குள்ள கிடந்த மாதிரி... உன் மேலயும். நான் கேட்டிருக்கணும்..."

அவன் கேட்டு முடிக்கவில்லை; மியா மேல் ஏறி ஓடைக்கு விரட்டினான்.

ஓடைக்கரையில் யானைத் தடம். நேரே தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

மியா இறங்க மறுத்தது. அங்குசத்தால் குத்தினான். அழுதுகொண்டே குத்தினான். இறங்கியது.

நடு ஓடையில் தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது. மரங்கள் உருண்டு வந்தன. மியா தும்பிக்கையை உயர்த்திக்கொண்டு நீந்தியது.

அக்கரையில் தடம் இருக்கிறதா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மா கின் கண் மூடிக் கிடந்தாள். மூக்கருகே விரலை வைத்தான்.

மூச்சு... சூடாக வந்தது.

பக்கத்தில் துணிச் சுருளுக்குள் ஏதோ சிணுங்கியது. பெண் குழந்தை. துன் லின் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

நர்ஸம்மா இடுப்பில் கை வைத்து அவனை முறைத்தாள். "அழுவுறதை அப்பவே உள்ள வந்து அழுதிருக்கலாம்ல? கொண்டாந்து விட்டுட்டு வாசல்லயே நிக்கிற. கூப்பிட்டா வரல. குழந்தை அழுததும், 'பொழச்சிட்டாளா'ன்னு கேட்ட. ரெண்டு பேரும் நல்லாருக்காங்கன்னு சொன்னேன்."

துன் லின் துணிச் சுருளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

"நீ இவ பக்கமே திரும்பல. பக்கத்துல இருக்கிற அந்தக் காலிக் கட்டிலையே பாத்துக்கிட்டு நின்ன." அவள் குரல் இறங்கியது. "ஏம்ப்பா... அப்புறம் ஏன் அப்படிக் கேட்ட?"

"என்ன கேட்டேன்?"

"'அப்போ என்னோடவ எங்க?'ன்னு."