வலது கையால் ஒரு தரம்

லுவீனியா கையால் சாப்பிட்டவர்களும் லுவீனியா கையால் அடி வாங்கியவர்களும் எங்கள் தீவில் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். திருச்சபை விருந்துக்குக் காராமணியில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்த பாதிரியாரின் மச்சினிக்கு அத்தனை பேர் முன்னாலும் பளாரென்று ஒன்று வைத்தாள். மன்னிப்புக் கேள் என்று பாதிரியார் சொன்னபோது, "கேக்கறேன். அந்தக் காராமணிகிட்ட கேக்கறேன். அதைத்தான் பாவம் நாசம் பண்ணிட்டாங்க" என்றாள். அடுத்த விருந்துக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வேறு என்ன செய்வது? அந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்?

புகையூட்டிய பன்றிக் கழுத்தெலும்பைப் போட்டுக் காராமணியை வேகவைப்பாள். நசுக்கினால் நசுங்க வேண்டும், தானாக உடையக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி, வடித்து, ஆறவிடுவாள். ஓட்டோடு வேகவைத்து உரித்த இறால், தன் தண்ணீரிலேயே ஒரு கொதி விட்டெடுத்த சிப்பி, பொடியாக அரிந்த வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் எல்லாம் அதில் சேரும். மேலே ஊற்றுகிற காரச்சாற்றில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு வருஷம் ஊசிமிளகாய் ஊறிய வினிகர், அதில் கடுகு விழுது, பூண்டு, மிளகு, எண்ணெய். பாட்டிலைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் தும்மும். கரண்டி போட்டால் காராமணி கூழாகிவிடும் என்று கையால்தான் புரட்டுவாள். புத்தாண்டு மதியம் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் கையைக் கழுவிக்கொண்டு ஆளுக்கு ஒரு தரம் அந்தத் தொட்டியைப் புரட்டிவிட்டுத்தான் தட்டை எடுக்க வேண்டும். புரட்டாதவனுக்குச் சாப்பாடு கிடையாது.

எந்தக் கையால் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் கரையில் சிப்பியை இடது கையில் பிடித்து, வலது கையால் கத்தியைச் செருகித் திறப்போம். ஓடு கீறுவது இடது கையைத்தான். யாருடைய இடது கையை விரித்துப் பார்த்தாலும் புதிதும் பழையதுமாகக் கீறல் கிடக்கும். அதைக் கொண்டுபோய் மிளகாய் வினிகரில் விடுகிற கிறுக்கன் இந்தத் தீவில் கிடையாது.

அந்த வினிகருக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கல்யாணமான நாலாம் மாதம் புருஷன் ரூஃபஸ் அவளுடைய முன்பல்லை உடைத்தான். ஆறாம் வருஷம் விலாவை உடைத்தான். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று வேலை செய்கிற சிப்பிக் கொட்டகையில் சொல்லிக்கொண்டே ஏழு வருஷத்தை ஓட்டினாள். ஒருநாள் அந்தப் பாவி இடுப்பு வாரை உருவி ஐந்து வயது மகன் ஹோசியாவை விளாசினான். இரண்டாவது அடி விழுவதற்குள் லுவீனியா அடுப்படியிலிருந்த பாட்டிலை எடுத்து அவன் கண்ணில் கவிழ்த்துவிட்டாள். கண் தெரியாமல் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடியவனை அவளுடைய தம்பி ஐசம் துடுப்பால் முழங்காலில் அடித்து விழவைத்தான். அக்காளும் தம்பியுமாகப் படகுத்துறை வரை அவனை உதைத்துக்கொண்டே போனார்கள். ரூஃபஸ் திரும்பி வரவில்லை. வேறு ஊரில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஜெயிலிலேயே செத்தான்.

வார் பட்ட முதுகு தடித்துக் கிடந்தபோதும் ஹோசியா அழவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினான். அப்புறமும் அப்படியேதான். தூண்டில் முள் ஏறினாலும் அவனிடமிருந்து சத்தம் வராது. லுவீனியாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "எம்புள்ள கல்லு" என்று கொட்டகை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஐசம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மருமகனைத் தோளில் தூக்கி வளர்த்து, படகு ஓட்டக் கற்றுக்கொடுத்து, கூடவே வேலைக்கும் சேர்த்துக்கொண்டான்.

அந்த ஐசமைத்தான் கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் பட்டப்பகலில், கொட்டகைக்குப் பின்னால் சிப்பி ஓட்டுக் குவியல் மேல் குத்திப் போட்டுவிட்டார்கள். வயிற்றில் இரண்டு, நெஞ்சில் ஒன்று. கூட வேலை செய்கிற கிளெம்மி கத்திய கத்தலில் லுவீனியா ஓடிப்போய்ப் பார்த்தபோது அவனுக்கு இன்னும் உயிர் இருந்தது. வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அவள் மடியிலேயே அடங்கினான்.

கத்தி சேற்றில் கிடந்தது. மீன் அறுக்கிற சாதாரணக் கத்தி, எல்லாப் படகிலும் இருப்பது. ஷெரீஃபின் ஆட்கள் வந்து எடுப்பதற்குள் லுவீனியா அதைக் கண்ணால் அளந்துவிட்டாள். முனை வளைந்திருந்தது.

"எலும்புல இடிச்சிருக்குடி" என்று கிளெம்மியிடம் மட்டும் சொன்னாள். "இந்தக் கத்திக்குப் பிடியில தடுப்பு கிடையாது. ரத்தத்துல கை வழுக்கி அலகு மேல போயிருக்கும். குத்துன நாயோட வலது கை கிழிஞ்சிருக்கும் பாரு."

"அப்ப போய் ஆல்டன் கையைப் பாக்க வேண்டியதுதானே?" என்றாள் கிளெம்மி.

ஊரில் எல்லாருடைய வாயிலும் ஆல்டன் பெயர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன். சிப்பித் திட்டின் எல்லைக் குச்சியை யார் பிடுங்கி நட்டது என்று அவனுக்கும் ஐசமுக்கும் நவம்பரில் கைகலப்பு ஆகி, ஆல்டனுக்கு ஒரு பல் போனது. "உன்னைச் சிப்பியைத் திறக்கற மாதிரி திறந்துடுவேண்டா" என்று துறையில் இருபது பேர் கேட்கக் கத்தியிருந்தான் மடையன்.

அடக்கத்தன்று ஹோசியாவின் காதலி ட்ரெஸ்ஸி ஒரு கண் வீங்கி வந்து நின்றாள். படியில் விழுந்துவிட்டேன் என்றாள். லுவீனியா அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குத் தம்பியைப் புதைப்பதற்கு மட்டும்தான் தெம்பு இருந்தது. கேட்காமல் விட்டுவிட்டாள்.

கல்லறையிலிருந்து வந்ததும் ஹோசியா இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தான். குளிருக்குப் போட்டிருந்த கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"புத்தாண்டுச் சாப்பாடு முடியட்டும்மா. அன்னைக்கு சாயங்காலத்தை ஆல்டன் பாக்க மாட்டான்."

"ஷெரீஃப் பாத்துக்குவாருடா. நீ சும்மா கெட."

"அவரு பாத்துக் கிழிச்சாரு. மாமாவுக்கு வேற யாரு இருக்கா?"

லுவீனியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். தம்பி போயாயிற்று. இவன் போய் ஆல்டனைச் சுட்டால், அப்பன் செத்த ஜெயிலில் மகனும் சாவான். அதிலும் ஆல்டன் செய்திருக்கவில்லை என்றால்? அவன் வலது கையைப் பார்த்துவிட்டால் போதும். சுத்தமாக இருந்தால் மகனைத் தடுத்துவிடலாம். கிழிந்திருந்தால் அவளே அவனை அடித்துக் கட்டி ஷெரீஃபிடம் ஒப்படைத்துவிடுவாள். எப்படியானாலும் ஹோசியாவின் விரல் துப்பாக்கி விசையைத் தொடக் கூடாது. அதற்குத்தான் கிளெம்மியை ஆற்றைத் தாண்டி அனுப்பினாள்.

"லுவீனியா காராமணி சாப்பிடக் கூப்பிட்டான்னு சொல்லு. வரலைன்னா ஊரே அவன்தான் பண்ணான்னு முடிவு கட்டிடும், அதையும் சொல்லிட்டு வா."

சாவு வீடு என்பதால் கிளெம்மியையும் ஆல்டனையும் தவிர அந்த வருஷம் வேறு யாரையும் கூப்பிடவில்லை. புத்தாண்டு மதியம் ஆல்டன் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். "அக்கா, நான் ஐசமை..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், ஹோசியா உள்ளே இருந்து பாய்ந்து துப்பாக்கிக் கட்டையால் அவன் முகத்தில் இடித்தான். மூக்கு உடைகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான், துப்பாக்கியைத் திருப்பிக் குழலை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினான். லுவீனியா வார்ப்பிரும்புச் சட்டியோடு வந்து மகனின் தோளில் ஓங்கிப் போட்டாள். துப்பாக்கி உருண்டது. கிளெம்மி அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் வீட்டு வாசல்ல, இன்னைக்கா?" என்று லுவீனியா கத்தினாள். "டேய் ஆல்டன், எந்திரி. மூஞ்சியைத் தொடைச்சிட்டு வந்து தொட்டியில கையை விடு."

"மூக்கு போச்சுக்கா! இப்ப போய் சாப்பிடச் சொல்றியே!"

"சாப்பிடச் சொல்லல. புரட்டச் சொன்னேன்."

தொட்டி மேஜை நடுவில் இருந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வினிகர் ஊற்றியிருந்தாள். காராமணியும் இறாலும் சிப்பியும் அதில் மிதக்காத குறை. ஆல்டன் மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தத்தைச் சட்டைக் கையில் துடைத்தபடி, கழுவிய வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு ஒரு சுற்றுப் புரட்டினான். லுவீனியா அந்தக் கையை வெளியே இழுத்து, விரல் விரலாகப் பிரித்து, வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

"இவன் இல்லடா, ஹோசியா. ஆண்டவர் காப்பாத்துனாரு. நீயும் வந்து புரட்டிட்டு இவன்கிட்ட மன்னிப்புக் கேளு."

"பசிக்கலம்மா."

"பசிக்கலைன்னாலும் புரட்டணும். இது என்ன புதுசா?"

ஹோசியா இடது கையுறையை மட்டும் பல்லால் கடித்து உருவினான். கீறல் கீறலாகக் கிடந்த அந்தக் கையைக் கொண்டுவந்து வினிகரில் விட்டுப் புரட்டினான்.

கிளெம்மிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆல்டனும் சிப்பித் தொழில்காரன், அவனுக்கும் புரிந்துவிட்டது. லுவீனியாவுக்கு எல்லோருக்கும் முன்னாலேயே புரிந்திருந்தது. அவளுக்குத்தான் அதை ஏற்க மனம் வரவில்லை.

"மத்த கை" என்றாள்.

"அம்மா..."

"மத்த கையை விடுடா."

அவன் அசையவில்லை. அவளே வலது கையுறையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே சுற்றியிருந்த துணி கையுறையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. நாலு விரலின் அடியிலும் குறுக்கே ஒரே வெட்டு, சீழ் கோத்து, வாய் பிளந்து நின்றது. லுவீனியா அந்தக் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினாள். தன் முழு பலத்தையும் போட்டு அமுக்கினாள். காராமணி மேஜையெல்லாம் சிதறியது, வினிகர் சிவந்தது. ஹோசியாவின் தாடை இறுகியது, நெற்றி நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஏண்டா?" என்று அவள் கத்தினாள். "உன்னைத் தோள்ல தூக்குனவன்டா அவன்! ஏண்டா?"

"ட்ரெஸ்ஸியை அடிச்சேன்னு என்னைத் துறையில வெச்சு அறைஞ்சாரு" என்றான் ஹோசியா, மூச்சு இரைக்க. "அவ முன்னாடியே. உங்கப்பன் மாதிரியே இருக்கேடான்னாரு. கொட்டகைக்குப் பின்னாடி மறுபடியும் அதையே சொன்னாரு. கத்தி கையில இருந்துச்சு. அவ்வளவுதாம்மா."

லுவீனியா அவன் கையை விட்டாள். விட்ட கையாலேயே அறைந்தாள். மறுபக்கம் அறைந்தாள். தலைமுடியைப் பிடித்து மேஜையில் இடித்தாள். தொட்டி கவிழ்ந்தது. தரையெல்லாம் காராமணியும் சிப்பியுமாகக் கிடக்க, அதில் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். விழுந்த இடத்திலும் அவள் குத்திக்கொண்டே இருந்தாள், அவன் தடுக்கவே இல்லை. ஆல்டன்தான் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து இழுத்தான். "செத்துருவான்கா, விடு, செத்துருவான்!"

"அம்மா" என்றான் ஹோசியா தரையிலிருந்து. உதடு கிழிந்திருந்தது. "இங்க இருக்கறது நாலே பேரு. ஊரு முழுக்க ஆல்டனைத்தான் சொல்லுது. நீ மட்டும் ஒரு வார்த்தை..."

உடைந்த மூக்கோடு நிற்கிற மனுஷன் முன்னாலேயே அதைச் சொன்னான். லுவீனியாவுக்கு ரூஃபஸின் குரல் ஞாபகம் வந்தது. நீ படியில் விழுந்தேன்னு சொல்லிடு, லுவீனியா. ஒரு வார்த்தைதானே.

"கிளெம்மி" என்றாள். "ஷெரீஃபுக்கு போன் பண்ணு."

"அடியே, உன் புள்ளைடி..."

"எம்புள்ளைதான். அதனாலதான் சொல்றேன். பண்ணு."

கிளெம்மி துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு அழுதபடி பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஆல்டன் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டான். ஹோசியா ஓடப் பார்க்கவில்லை. கொட்டிய காராமணிக்கு நடுவிலேயே அடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். லுவீனியா குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அந்தக் கையைக் கழுவி, சுத்தத் துணியால் சுற்றினாள்.

"அம்மா" என்றான் ஹோசியா. குரல் ஐந்து வயதுக் குரலாக இருந்தது. "ரொம்ப எரியுதும்மா."

இருபத்துநாலு வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த ஒன்றை அவன் வார் பட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன, சொல்லாததற்குப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தாளே என்று லுவீனியாவின் நெஞ்சு வெடித்தது. "எரியட்டும்" என்றாள்.

ஆனால் குனிந்து, சுற்றிய துணிக்கு மேலேயே, உஃப் உஃப் என்று ஊதத் தொடங்கினாள். பாலத்துப் பக்கமிருந்து கார் வருகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷெரீஃபின் ஆட்கள் உள்ளே வந்து அவன் தோளைத் தொடுகிற வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.