ஒன்று விட்டு ஒரு படி

எங்கள் பெரியம்மாவைப் போலத் தீட்டுப் பார்க்கிற ஆளைச் சித்தூரில் நான் கண்டதில்லை. பங்காளி வகையில் வேலூர்ப் பக்கம் யாராவது ஒரு கிழவர் செத்துப்போனால் போதும், இங்கே சாமி படங்களின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவாள். பதினாறு நாள் விளக்குக் கிடையாது. செத்தவரை நாங்கள் யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டோம். "பெருமாளுக்கே லீவு உட்டுட்டாங்க உங்க பெரிம்மா" என்று அம்மா எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிச் சிரித்த அம்மாதான் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நைனா கூட இருந்தார். அம்மா பிழைக்க வேண்டும் என்று, அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலை வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாகப் பெரியம்மா வேண்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளை கையால் வைத்தால் விசேஷம் என்று என்னையும் கூட்டிப் போனாள். எனக்கு எட்டு வயது. அவள் முன்னால் குனிந்து மஞ்சள் பூசிக்கொண்டு போக, நான் பின்னாலேயே குங்குமம் வைக்க வேண்டும்.

"ஒரு படி உட்டுடாத பாப்பா. உட்டா வேண்டுதல் சேராது."

முதலில் ஒழுங்காகத்தான் வைத்தேன். வெயில் ஏற ஏற இடுப்பு விட்டுப்போனது. பெரியம்மா திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஒன்று விட்டு ஒரு படிக்கு வைக்க ஆரம்பித்தேன். யார் யாரோ பூசிப் பூசிப் படியெல்லாம் ஏற்கெனவே மஞ்சளும் சிவப்புமாகத்தான் கிடந்தது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரு தைரியம்.

பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டோம், நைனா போன் செய்தார். பெரியம்மா மஞ்சள் கையோடு எடுத்துக் காதில் வைத்தாள். "ம்" என்றாள். இன்னொரு முறை "ம்." பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கன்னமெல்லாம் மஞ்சள்.

"எறங்கலாம் பாப்பா. முட்டி வலிக்குது."

மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். அழுதுகொண்டே படிகளை விட்டதைச் சொன்னேன். "எறங்கசொல்ல உட்டதுக்கெல்லாம் வச்சிக்கினே வர்றேன் பெரிம்மா. அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "வைம்மா" என்றாள்.

எது விட்ட படி, எது வைத்த படி என்று எனக்கே தெரியவில்லை. எதற்கு வம்பு என்று எல்லாப் படிக்கும் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் அவள் எனக்காக நின்றாள். ஏறி வந்த ஒருவர் வழியை மறிக்கிறோம் என்று சலித்துக்கொண்டபோது, "சின்ன பாப்பண்டி, பெட்டனீண்டி" என்று தெலுங்கில் கெஞ்சினாள். சின்னப் பிள்ளை, வைக்கட்டுமே என்று. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அலிபிரிக்கு வந்ததும், "ஒண்ணுகூட உடல" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என் விரல்களைத் தன் முந்தானையால் வெகுநேரம் துடைத்தாள்.

அம்மா இறந்துவிட்டதைச் சொல்லத்தான் நைனா போன் செய்திருக்கிறார். எனக்கு அது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாரும் மலை ஏறவில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு அதுதான் வழக்கம் என்று தெரியாமல், படிகளை ஏமாற்றியதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை என்று நம்பி நான் தனியாக அழுதிருக்கிறேன்.

சாவுத் தீட்டுள்ள கை பெருமாளின் படியில் படக்கூடாது என்று பெரியம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கையைத் தடுக்காமல் ஒவ்வொரு படியிலும் காத்து நின்றாள். எட்டு வயதில் எனக்கு அது எப்படிப் புரியும்.