ராணிக் காசின் கடைசி எண்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அலைய வேண்டாமென்று விழுப்புரத்தில் என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். வந்தவர் மாற்று வேட்டிகூட ஒழுங்காக எடுத்துவரவில்லை. மருந்துச் சீட்டையும் மறந்திருந்தார். ஒரு செம்புக் காசை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இடுப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல வருஷம் என்னான்னு பாத்துச் சொல்லு பாப்பா. நீதான் டீச்சராச்சே" என்றார்.

கோலியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். பழைய காசு படிப்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தம்பி அப்போது திண்டிவனத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வம்சத்திலேயே முதல் மாடி வீடு. எங்கள் பக்கம் வீட்டு முகப்பில் சிமெண்டால் வருஷத்தை எழுதாவிட்டால் வீடு முடிந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கட்டி முடித்த வருஷத்தைத்தான் எல்லோரும் போடுவார்கள். அப்பாவுக்கோ அந்தக் காசின் வருஷத்தைப் போட வேண்டும். அவருடைய தாத்தாவின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கேப்பையும் கஞ்சியும்தான் கூலி. திண்டிவனத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பங்களாவுக்குத் தண்ணீர் இறைக்கப் போன பிறகுதான் முதன்முதலாகக் காசு என்ற ஒன்றைக் கையில் வாங்கினாராம். அதுதான் இந்தக் காசு.

"நாம மனுசனான வருஷம் அதுல கீது. வூடு குடிபோறதுக்குள்ள பாத்துடு. அப்பறம் நான் இருக்கறனோ இல்லியோ" என்றார் அப்பா.

இப்படிச் சொல்பவரிடம் எத்தனை நாள் கோபப்பட முடியும்?

வருஷம் தெரியாமல் போனதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் மரியாதை என்றால் பளபளப்பு. போகிக்கு முந்தைய நாள் குடம், சொம்பு, குத்துவிளக்கோடு இந்தக் காசையும் சேர்த்து அம்மா புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பாள். அவளுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்த மருமகள்களும் அப்படித்தான் தேய்த்திருக்கிறார்கள். காசு புதுச் சொம்பு மாதிரி மின்னும். அதிலிருந்த பெண்ணுக்குக் கண் போய்விட்டது, மூக்கு போய்விட்டது, கொண்டை மட்டும் கொஞ்சம் மிச்சம். விக்டோரியா ராணி என்று நம்பி அவளுக்குப் பொட்டும் வைத்திருந்தோம்.

டியூப் லைட்டில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அறையை இருட்டாக்கி, காசை மேசைமேல் வைத்து, போன் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துப் பிடித்தேன். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் சின்ன மேடும் நிழல் காட்டும். காசை மெல்லத் திருப்பத் திருப்ப, ஓரத்தில் நட்சத்திரங்கள் எழுந்து வந்தன. பின்பக்கம் இலை வளையம், அதற்குள் 'ஒன் சென்ட்'. இணையத்தில் இருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ராணியும் இல்லை, விக்டோரியாவும் இல்லை என்று புரிந்துவிட்டது. அது அமெரிக்கக் காசு. பங்களா டாக்டர் அமெரிக்காக்காரராக இருந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டயாலிசிஸ் அறையில் நர்ஸிடம், பக்கத்துப் படுக்கைக்காரரிடம், ஆட்டோக்காரரிடம் என்று ஒருவர் விடாமல் சொன்னார்.

வருஷம் மட்டும் வழிக்கு வரவில்லை. கழுத்துக்குக் கீழே நான்கு எண்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன். ஒன்று, எட்டு, நான்கு என்பதுவரை சந்தேகமில்லை. கடைசி எண்ணின் வலப்பக்க வளைவுகள் இரண்டும் இருந்தன, இடது பக்கம் மழுங்கியிருந்தது. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். நாணயம் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் படங்களைப் போட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். தலையின் அமைப்பு இரண்டு வருஷத்துக்கும் பொருந்துகிறது, இவ்வளவு தேய்ந்ததில் பிரித்துச் சொல்ல முடியாது, தயவுசெய்து இனிமேல் தேய்க்காதீர்கள் என்றார். கூடவே ஒன்றும் சொன்னார்: அதில் இருப்பது காசை அச்சடித்த வருஷம்தான், உங்கள் ஊருக்கு வந்த வருஷம் அல்ல. அங்கே பல கைகள் மாறி, பழசான பிறகே கப்பல் ஏறியிருக்கும்.

அது எனக்குத் தெரியாதது இல்லை. அப்பாவிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும், "எட்டுன்னே போட்டுடலாம்க்கா. எவன் வந்து பாக்கப்போறான்? கொத்தனாரு சாரத்தப் பிரிக்காம காத்துக்கினு கீறாரு, ஒரே பேஜாரு" என்றான். எனக்கும் அது சரி என்றே பட்டது. ஆனால் அப்பா உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, டாக்டரு குடுக்கசொல்லவே அது பழசா?"

"ஆமாம்பா."

"எவ்ளோ பழசு?"

"அதுவும் தெரியலப்பா."

அவர் முகம் சுருங்கிப்போனது. பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. தம்பி விடவில்லை. "அதாம்ப்பா, எட்டுன்னு போட்டுக்கலாம்" என்றான்.

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதாத. எனக்கு எழுதனது போதும்" என்றார் அப்பா.

அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்குமேல் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார்களாம். "எனக்குக் கை நீளம். தொட்டுட்டன், அஞ்சு வயசுன்னுட்டாங்க. வாத்தியாரு ஜூன் மாசத்துல ஒரு தேதியப் போட்டு, வருஷத்தயும் அவரே போட்டுக்கினாரு. அதத்தான் ரேஷன் கார்டுலருந்து இந்த ஆஸ்பத்திரி பைலு வரைக்கும் தூக்கிக்கினு சுத்தறன். எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் மல்லாட்டை புடுங்கசொல்ல வலி வந்துச்சின்னுதான். ஜூன்ல எவன்டா மல்லாட்டை புடுங்கறான்?" ஜூன், எங்கள் பக்கம் வேர்க்கடலை விதைக்கிற மாதம்.

மண்டியில் மூட்டை தூக்கியே முதுகு வளைந்த மனிதர். ஒருநாளும் இதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பிறந்தநாள் கொண்டாடினால் ஏன் எரிந்துவிழுவார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முகப்பில் வருஷம் போடவில்லை. கொத்தனார் அந்த இடத்தை வழவழவென்று பூசி விட்டுவிட்டார். குடிபோன அன்று அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்னா, வருஷம் போடல?" என்று கேட்டபோதெல்லாம், "தெரிஞ்சா போடுவோம்" என்று மட்டும் சொன்னார். யாருக்கும் புரிந்திருக்காது.

அந்த மழைக்காலத்திலேயே அப்பா போய்விட்டார். விழுப்புரத்திலிருந்து புது வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிடத்தினோம். ஐஸ் பெட்டி, பந்தல், பூ, மேளம் என்று தம்பி ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தான். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அப்பாவின் போட்டோவையும் ஆதாரையும் கடைக்காரருக்கு அவன்தான் அனுப்பியிருந்தான். அச்சடிக்கும் முன் சரிபார்க்கச் சொல்லி அவர் படம் அனுப்பினார். தம்பி போனை என்னிடம் நீட்டினான்.

அப்பாவின் படத்துக்குக் கீழே ஒரு பக்கம் மறைவு. இன்னொரு பக்கம் தோற்றம், அதன் கீழே ஜூன் மாதத் தேதி.

போனைத் திருப்பி அவனிடமே காட்டினேன். பார்த்தான். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, தோற்றம் வேணாம். எடுத்துடுங்க."

"ஒரு பக்கம் காலியா இருந்தா நல்லா இருக்காதே தம்பி. வருஷமாச்சும் போடலாமே?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"தெரியாதுண்ணே" என்றான் தம்பி. "எங்கப்பா எப்பப் பொறந்தாருன்னு எங்களுக்குத் தெரியாதுண்ணே."

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவன், அப்போதுதான் அழுதான்.