எது வேண்டுமானாலும் சாப்பிடலாம்

வெக்தான் என்றால் உள்மனம் என்று பொருள். அப்பா அந்தப் பேரை வைத்ததுதான் வம்பாகிப்போனது. மன்ஸூரா நகரத்து ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தும், நோயாளியிடம் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. வாயைத் திறப்பதற்குள் காது இரண்டும் தக்காளியாகிவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்தே ஒருத்தி உயில் எழுதினாள் என்று வார்டில் ஒரு கதை உண்டு. நான் பாதியை நம்புகிறேன்.

கூட வேலை பார்த்த சுஹேருக்கோ பொய் என்றால் தேன். எழுந்து நிற்கவே முடியாத வயதான நோயாளி ஹஜ்ஜா ரதீபாவிடம் போய், "வர்ற பெருநாளுக்கு எம் பொண்ணு கல்யாணம். நீங்க ஆடலேன்னா மாப்பிள்ளையத் திருப்பி அனுப்பிடுவேன்" என்பாள். ஹஜ்ஜா வயிறு குலுங்கச் சிரிப்பார். தலையணைக்கடியிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து சுஹேரின் கையில் திணிப்பார். ஊசி போட்டு, புண் துடைத்து, படுக்கை மாற்றிய வெக்தானுக்கு ஒரு கொட்டைகூடக் கிடைத்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவள் அடிவயிறு எரிந்தது.

ஹஜ்ஜாவுக்குக் கல்லீரலில் 'அது'. அதன் பேரை அங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. மகன் ஷுக்ரி முதல் நாளே டாக்டரிடமும் நர்ஸ்களிடமும் கைகூப்பாத குறையாகச் சொல்லிவிட்டான். "வெறும் வீக்கம்னு சொல்லுங்க. விஷயம் தெரிஞ்சா எங்கம்மா அந்தப் பேரைக் கேட்டே செத்துடுவாங்க." குடும்பம் சொன்னது சொன்னதுதான், மீறினால் வேறு ஊருக்கு மாற்றல் என்று தலைமை நர்ஸும் எச்சரித்திருந்தாள்.

ஆனால் ஹஜ்ஜாவுக்கு உண்மை தேவைப்பட்டது. நாற்பது வருஷம் நபரோவில் உப்பு மீன் கடை வைத்திருந்தவர் அவர். மடவை மீனை உப்பில் ஊறப்போட்டுச் செய்யும் ஃபெஸீக், அதன் மணத்துக்கு ரயிலே ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றதாகச் சொல்வார்கள். ஏழு வருஷம் முன்னால் ஒரே மகள் ஷாதியா அந்தக் கடை வாசலிலேயே நின்று, பக்கத்துக் கடை மீன் இதைவிட ருசி என்று சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

"வெக்தான், நெசத்தச் சொல்லு" என்று ஹஜ்ஜா ஒருநாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் போகப்போறேன்னா இஸ்மாயிலியாவுல இருக்கற ஷாதியாவுக்கு நானே ஃபோன் போட்டுக் கூப்பிடுவேன். பொழச்சிக்குவேன்னா அவதான் மொதல்ல வரணும். கடைக்காரிக்கும் மானம் உண்டு பாரு."

"ஜுரம் பாக்கணும் ஹஜ்ஜா" என்று வெக்தான் தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்து அடைத்தாள். ஜுரமே இல்லை. காதுதான் கொதித்தது.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பொய் பழகிப் பார்த்தாள். "நீங்க இளைச்சிட்டீங்க" என்று கணவனிடம் சொன்னாள். மனுஷன் அவள் காதைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். இந்தச் சுஹேர் மட்டும் எப்படிச் சொல்கிறாள், எப்படிச் சிரிக்க வைக்கிறாள் என்று புரண்டு புரண்டு படுத்தாள்.

வசந்தத் திருநாள் வந்தது. ஊரே ஆற்றங்கரையில் உப்பு மீனும் வெங்காயமுமாக உட்கார்ந்திருந்தது. வயிற்றில் நீர் கட்டியதால் மூன்று மாதமாக ஹஜ்ஜாவுக்கு உப்பே கிடையாது. அன்று ஷுக்ரி ஃபெஸீக் பொட்டலத்தோடு கண் சிவந்து வந்தான். டாக்டர் தடையை எடுத்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"நான் கொண்டுபோறேன்" என்று சுஹேர் கை நீட்டினாள்.

"எப்பவும் நீதானா? இன்னிக்கு நான்" என்று வெக்தான் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பு ஒரு தடவையாவது தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை. அதிசயமாக, காது சிவக்கவில்லை. குரலும் தேனாக வந்தது.

"நல்ல சேதி ஹஜ்ஜா. இனிமே எது வேணும்னாலும் சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஹஜ்ஜா சிரிக்கவில்லை. மீனைக் கிழித்து முகர்ந்தார். "இன்னும் பத்து நாள் ஊறியிருக்கணும்" என்றார். ஒரு துண்டை ரொட்டியில் வைத்து மென்றார்.

"நாப்பது வருஷமா என் கடைக்குச் சில பேர் வந்து இதையேதான் சொல்வாங்க. எங்கப்பா எது வேணும்னாலும் சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார், நல்லதா ஒண்ணு குடுங்கன்னு. அவங்களுக்கு மட்டும் நானே பாத்துப் பெருசா எடுத்துக் குடுப்பேன்." விரலைத் துடைத்துக்கொண்டார். "ஷாதியா நம்பரப் போடு."

வெக்தான் ஃபோனை எடுத்தாள். நம்பரைப் போட்டாள்.

பேசி முடித்ததும் ஹஜ்ஜா சொன்னார். "எனக்குத் தெரிஞ்சது சுஹேருக்குத் தெரிய வேணாம். அது தெனமும் என்னச் சிரிக்க வச்சிட்டு, பின்னால துணி காயப்போடற எடத்துல நின்னு அழுதுட்டுப் போவுது. ஜன்னல் வழியாப் பாக்கறேன். பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்ற பொய்ய வீணாக்கக் கூடாது."

சுஹேரும் அழுகிறாளா? அடுத்த நொடியே வெக்தானுக்குப் பழைய எரிச்சல் திரும்பியது. பாரேன், அழுவதைக்கூட ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்து இரங்கும்படி அழுதிருக்கிறாள். மருந்தறையில் தான் அழுத அழுகையெல்லாம் யார் கண்ணில் பட்டது?

வெளியே சுஹேர் மடக்கினாள். "என்னடி சொன்ன?"

"எது வேணும்னாலும் சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னதா."

"அடிப்பாவி, டாக்டருக்குத் தெரியாம ஒளிச்சிக் கொண்டாந்தேன்னு சொல்லியிருக்கணும். கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்ல. சந்தோஷமாச் சாப்பிட்டாங்க."

சுஹேர் நம்பிவிட்டாள். வெக்தான் சொன்ன பொய்களில் தேறிய ஒரே பொய் அதுதான்.

மறுநாள் மத்தியானம் ஷாதியா வந்தாள். மிச்சமிருந்த மீனை ஒரு வாய் தின்று, "ஒங் கைமணம் இதுல எங்கேம்மா இருக்கு" என்று தேம்பினாள். "அதச் சொல்ல ஏழு வருஷமா ஒனக்கு?" என்று ஹஜ்ஜா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

அப்போது சுஹேர் உள்ளே வந்தாள். "ஹஜ்ஜா, கல்யாணத்துக்கு இன்னும் துணி தைக்கக் குடுக்கலையே?"

"பச்சையில தைக்கச் சொல்லு. இடுப்புல மணி வச்சு" என்று ஹஜ்ஜா சிரித்தார். வார்டே சிரித்தது. பேரீச்சம்பழம் கை மாறியது.

வாசலில் நின்ற வெக்தான் பக்கம் திரும்பியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஹஜ்ஜா அவளை ஒரு கணம் பார்த்தார்.

"நீ வா. தலையணைய ஏத்தி வை. முதுகு வலிக்குது."

வெக்தான் ஏற்றி வைத்தாள். அவளிடம் மட்டும்தான் ஹஜ்ஜா வலிக்கிறது என்று சொன்னார். அது அவளுக்குத் தெரியும். இருந்தும், சுஹேர் வாயில் பேரீச்சம்பழத்தை மெல்லும் சத்தம்தான் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.